கேசட் கடையில் பிறந்த லேபிள்: நோ லிமிட் ரெக்கார்ட்ஸ் எழுந்ததும் சரிந்ததும்

சொந்தமாக ஒரு லேபிள், அதாவது பாட்டைப் பதிவுசெய்து வெளியிடும் நிறுவனம், தொடங்க ஆசைப்படாத ராப் பாடகர் அபூர்வம். ஆசை வந்ததும் முதலில் பெயர் வைக்கிறார்கள், லோகோ வரைகிறார்கள், கூட்டாளிகள் நான்கு பேரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பாட்டு எந்த வழியாகக் கேட்பவர் கைக்குப் போகும், பணம் எந்த வழியாகத் திரும்பி வரும், பதிவின் உரிமை யார் பெயரில் நிற்கும் என்ற கேள்விகள் கடைசியில்தான் வருகின்றன. பல நேரம் வருவதே இல்லை.

இந்தக் கேள்விகளிலிருந்தே தொடங்கிய ஒருவர் பெர்சி மில்லர். மேடையில் மாஸ்டர் பி. அவருடைய நோ லிமிட் 1990 வாக்கில் ஒரு கேசட் கடையாகப் பிறந்தது. 1998-இல் அமெரிக்க ராப் உலகின் மிகப் பெரிய சுயேச்சை நிறுவனங்களில் ஒன்றாக நின்றது. 2003 இறுதியில் திவால் மனு போட்டது. எழுந்த கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். எழுச்சிக்கும் சரிவுக்கும் வேர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பது என் வாதம். அந்த இடம் ஒப்பந்தம். பெரிய கம்பெனியோடு மில்லர் போட்டது அன்றைய ராப் பாடகர்களுக்கு அரிதாக வாய்த்த ஒப்பந்தம். தன் கூரைக்குக் கீழே வேலை செய்தவர்களோடு அவர் வைத்திருந்த ஏற்பாடு அந்தத் தரத்தில் இல்லை.

கல்லாப்பெட்டிக்குப் பின்னால் கற்ற பாடம்

மில்லர் நியூ ஆர்லியன்ஸின் கேலியோப் குடியிருப்பில் வளர்ந்தவர். ஏழைகளுக்காக அரசு கட்டிக்கொடுத்த வீடுகள் அவை. வறுமையோடு துப்பாக்கியும் புழங்கிய இடம். 1990-இல் அவருடைய சகோதரர் கெவின் அதே நகரத்தில் கொல்லப்பட்டார். கூடைப்பந்து உதவித்தொகையில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போன மில்லர் அங்கே நிலைக்கவில்லை. கலிஃபோர்னியா வந்து, ஓக்லண்டின் மெரிட் கல்லூரியில் வணிகம் படித்தார். தாத்தா இறந்ததற்கான மருத்துவ இழப்பீட்டிலிருந்து அவருக்கு 10,000 டாலர் வந்தது. அதைப் போட்டு, ஓக்லண்டுக்கு அருகே ரிச்மண்ட் ஊரில் நோ லிமிட் என்ற பெயரில் கேசட், இசைத்தட்டு கடை திறந்தார்.

இந்தக் கடையைப் பல கட்டுரைகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு இதுதான் முழுக் கதையின் அச்சாணியாகத் தெரிகிறது. ஸ்டுடியோவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் பாட்டு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். கடையில் நிற்பவருக்கு வேறு விஷயங்கள் தெரியும். வாரத்தின் எந்த நாளில் கூட்டம் வருகிறது, உள்ளே நுழைபவர் பெயர் சொல்லிக் கேட்கிறாரா அல்லது அட்டைப் படத்தைப் பார்த்து எடுக்கிறாரா, வானொலியில் ஒரு முறைகூட வராத உள்ளூர்க் கேசட் ஏன் தீர்ந்துபோகிறது, பெரிய கம்பெனியின் ஆல்பம் ஏன் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது, விற்காத சரக்கைத் திருப்பி அனுப்பும்போது கணக்கில் யார் தலையில் விழுகிறது. பணம் கட்டிப் போய்ப் படித்தாலும் இந்த அறிவு இவ்வளவு துல்லியமாகக் கிடைக்காது.

இடமும் அவருக்குக் கைகொடுத்தது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றிய ஊர்களில் கம்பெனி இல்லாமலே கேசட் விற்கும் பழக்கம் அப்போதே வேரூன்றியிருந்தது. ஓக்லண்டின் டூ ஷார்ட் எண்பதுகளின் தொடக்கத்தில், வாங்குபவரின் பெயரையே பாட்டில் வைத்துத் தனித்தனியாகக் கேசட் பதிவுசெய்து விற்றவர். வலேஹோவின் இ-40 குடும்பத்தாரோடு சேர்ந்து சிக் விட் இட் என்ற லேபிளை நடத்தி, ஊர் ஊராக விற்று, அந்த விற்பனையைக் காட்டித்தான் 1994-இல் ஜைவ் கம்பெனியோடு பேரம் பேசினார். கார் டிக்கியில் பெட்டி பெட்டியாகக் கேசட்டை ஏற்றிக்கொண்டு போய், முடிதிருத்தும் கடையிலும் சந்தையிலும் விற்று, கடைகளில் 'விற்றால் பணம், விற்காவிட்டால் சரக்கு' என்று வைத்துவிட்டு வரும் முறை அது. நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் கம்பெனி அலுவலக வாசலில் டெமோ கேசட்டோடு இளைஞர்கள் காத்திருந்த காலத்தில், இங்கே அந்த வாசலுக்கே போகாமல் வயிறு வளர்த்தவர்கள் இருந்தார்கள்.

1991-இல் வந்த மில்லரின் முதல் ஆல்பமும் அடுத்த ஆண்டு வந்த இரண்டாவதும் பெரிதாக எடுபடவில்லை. இன்-எ-மினிட் என்ற சிறிய நிறுவனம் அவற்றைக் கடைகளுக்குக் கொண்டுபோனது. 1994-இல் வந்த ஆல்பம் வாய்வழியாகவே பரவி விற்றது. அதே ஆண்டில் அவர் செய்த வேறொரு வேலைதான் எனக்கு அதிக சாமர்த்தியமாகப் படுகிறது. மேற்குக் கடற்கரை ராப் பாடகர்கள் பலரை ஒரே தொகுப்பில் சேர்த்து வெளியிட்டார். ஒவ்வொரு பாடகருக்கும் தன் பேட்டையில் ஒரு கூட்டம் உண்டு. அவரைத் தேடி வாங்குபவர் கையில் நோ லிமிட்டின் பெயரும் போய்ச் சேர்கிறது. விளம்பரச் செலவு இல்லாமலே பத்துப் பேட்டைகளில் கால் பதிக்க முடிந்தது. 1995-இல், தம்பிகளோடு சேர்ந்து அவர் நடத்திய ட்ரூ குழுவின் பாட்டு தென்மாநிலங்களில் பற்றிக்கொண்டது. அவரும் நியூ ஆர்லியன்ஸுக்கே திரும்பினார்.

ஒரு மறுப்பு, ஒரு கையெழுத்து

பெரிய கம்பெனிகள் தேடி வந்தது இந்தக் கட்டத்தில்தான். இன்டர்ஸ்கோப் கம்பெனியின் ஜிம்மி அயோவின் 10 லட்சம் டாலர் தர முன்வந்ததாகவும், தன் பெயர் மீதான உரிமைகூடத் தன்னிடம் நிற்காது என்பதால் மறுத்துவிட்டதாகவும் மில்லர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கையில் பெரிய காசில்லாத இளைஞர் அந்தத் தொகையை வேண்டாம் என்று சொல்வதற்குத் துணிச்சல் மட்டும் போதாது, கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்கை ஓர் உதாரணத்தில் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை, முறை அந்தத் தொழிலுடையது. ஒரு சிடி கடைக்காரருக்கு 10 டாலருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய கம்பெனியில் பாடகருக்கு 15 சதவீத ராயல்டி என்றால் சிடி ஒன்றுக்கு ஒன்றரை டாலர். ஆனால் அட்வான்ஸ், ஸ்டுடியோ, வீடியோ எல்லாம் சேர்ந்து 3,00,000 டாலர் அவர் பெயரில் பற்று எழுதப்பட்டிருக்கும். அது கழிவது அந்த ஒன்றரை டாலரிலிருந்து மட்டும்தான். ஆகவே 2,00,000 சிடி விற்று முடிகிற நாளில்தான் அவருடைய கணக்கு பூஜ்யத்துக்கு வருகிறது. அதே நாளில் கம்பெனியின் வரவு 20 லட்சம் டாலர். இதைவிட முக்கியம், பதிவுக்கான எல்லாச் செலவும் பாடகரின் பங்கிலிருந்தே பிடிக்கப்பட்டிருந்தாலும், மாஸ்டர், அதாவது அந்த ஒலிப்பதிவின் உரிமை, கம்பெனியிடமே நிற்கும். கடனை அடைத்த பிறகும் வீடு வங்கியின் பெயரிலேயே இருப்பதுபோல.

மில்லர் தேர்ந்தெடுத்தது லாஸ் ஏஞ்சலஸின் பிரயாரிட்டி ரெக்கார்ட்ஸை. 1985-இல் தொடங்கிய அந்த நிறுவனம் என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் இசையைக் கடைகளுக்குக் கொண்டுசென்றது. வானொலி ஒதுக்கிய ராப்பை விற்கும் வித்தை தெரிந்த நிறுவனம் அது. 1996 வாக்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படுவது இதுதான்: மாஸ்டர் முழுவதும் நோ லிமிட்டுக்கு, விற்பனையில் 85 சதவீதம் நோ லிமிட்டுக்கு, 15 சதவீதம் பிரயாரிட்டிக்கு.

மேலே போட்ட அதே உதாரணத்தை இந்த விகிதத்தில் ஓட்டினால் 2,00,000 சிடிக்கு 17 லட்சம் டாலர் லேபிளுக்கு வருகிறது. அச்சுக்கும் அட்டைக்கும் சிடிக்கு ஒரு டாலர் வீதம் 2 லட்சம், தயாரிப்புக்கு அதே 3 லட்சம். மிச்சம் 12 லட்சம். முன்னதில் பூஜ்யம், பின்னதில் 12 லட்சம். இதில் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஆல்பம் விற்காவிட்டால் முன்னதில் நஷ்டம் கம்பெனிக்கு, பின்னதில் முழு நஷ்டமும் லேபிளுக்கு. கடைகள் திருப்பி அனுப்பும் சரக்குக்காக விநியோகஸ்தர் ஒரு பகுதிப் பணத்தை மாதக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்வதும் உண்டு. லாபம் காகிதத்தில் இருக்கும்போது அச்சகத்துக்கும் ஸ்டுடியோவுக்கும் ரொக்கம் கேட்பார்கள். சுயேச்சை லேபிள்கள் மூடப்படுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். மில்லரால் அதைத் தாங்க முடிந்ததற்குக் காரணம், எத்தனை பிரதி போகும் என்பது அவருக்குக் கையெழுத்துக்கு முன்பே தெரிந்திருந்தது.

பிரயாரிட்டி தேவைப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1991 மே மாதம் முதல் பில்போர்டு என்ற இசைத்துறை இதழின் ஆல்பம் பட்டியல், கடைக்காரர்கள் தொலைபேசியில் சொல்வதை நம்புவதை விட்டுவிட்டு, சவுண்ட்ஸ்கேன் மூலம் பார்கோடு ஸ்கேன் ஆகும் விற்பனையை எண்ணத் தொடங்கியது. ராப் எவ்வளவு விற்கிறது என்பது அதன் பிறகுதான் தொழிலுக்கே வெளிச்சமானது. கார் டிக்கியிலிருந்து போகும் கேசட் அந்தக் கணக்கில் ஏறாது. நாடு முழுக்கப் பெரிய கடைகளின் அலமாரியில் சரக்கு இருந்தால்தான் பட்டியலில் பெயர் வரும். பட்டியலில் வந்தால்தான் அடுத்த கடை வாங்கும்.

தொழிற்சாலை

1996 ஏப்ரலில் பிரயாரிட்டி வழியாக வந்த ஆல்பம் நாடு முழுக்க அவரை அறிமுகப்படுத்தியது. 1997 செப்டம்பரில் வந்தது பில்போர்டு 200 பட்டியலில் நேராக முதலிடத்தில் இறங்கியது. 1998-இல் மட்டும் நோ லிமிட் 20-க்கும் மேற்பட்ட ஆல்பங்களை வெளியிட்டது. டெத் ரோ நிறுவனத்தை விட்டு வெளியே வந்த ஸ்னூப் டாக் அதே ஆண்டு நோ லிமிட்டில் சேர, ஆகஸ்டில் வந்த அவருடைய ஆல்பமும் முதலிடம். அந்த ஆண்டு அதிகம் சம்பாதித்த பொழுதுபோக்குக் கலைஞர்கள் பட்டியலில் ஃபோர்ப்ஸ் பத்திரிகை மாஸ்டர் பி-க்குப் பத்தாவது இடம் கொடுத்தது. மதிப்பிட்ட வருமானம் 5.65 கோடி டாலர்.

இந்த வேகத்தின் ரகசியத்தை நோ லிமிட் சிடி ஒன்றைத் திறந்து பார்த்தால் புரிந்துகொள்ளலாம். அட்டையில் தங்கமும் வைரமும் ஜொலிக்கும். ஹூஸ்டனின் பென் அண்ட் பிக்ஸல் நிறுவனம் கணினியில் ஒட்டி ஒட்டிச் செய்த படங்கள் அவை. எந்த அலமாரியில் வைத்தாலும் பத்தடி தூரத்திலிருந்து கண்ணை இழுக்கும். மூலையில் லேபிளின் சின்னமான ராணுவ டாங்க். பெட்டியைத் திறந்து உள்ளே செருகியிருக்கும் தாள்களை உருவினால், மற்ற ஆல்பங்களில் பாடல் வரிகளோ நன்றியுரையோ இருக்கும் இடத்தில், நோ லிமிட்டில் அடுத்து வரப்போகும் ஆல்பங்களின் அட்டைப் படங்கள் வரிசையாக நிற்கும். சில இன்னும் பதிவே முடியாதவை. வாங்கியவர் முதல் பாட்டைக் கேட்டுக்கொண்டே அடுத்து என்ன வாங்குவது என்று தீர்மானித்துவிடுவார். பத்திரிகையில் விளம்பரப் பக்கம் வாங்கினால் ராப் பிடிக்காதவரும் அதைப் புரட்டிப் போவார். இங்கே விளம்பரம் பார்ப்பவர் ஒவ்வொருவரும் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர். இப்படி யோசிக்க ஸ்டுடியோ சொல்லித் தராது. கடை சொல்லித் தரும்.

1997-இல் சொந்தக் காசில் ஒரு படம் எடுத்து, தியேட்டருக்குப் போகாமல் நேராக வீடியோவாக விற்றதும் அதே மூளைதான். படத்துக்கு ஒரு விலை, அதன் இசைத் தொகுப்புக்கு ஒரு விலை, இரண்டையும் வாங்குபவர் ஒரே ஆள்.

இத்தனை ஆல்பங்களுக்கும் இசை எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ஒரே அணியிடமிருந்து. கே.எல்.சி., மோ பி. டிக், கிரெய்க் பி., ஓடெல் ஆகியோரைக் கொண்ட பீட்ஸ் பை தி பவுண்ட் என்ற தயாரிப்பாளர் குழு. கனத்த டிரம், ராணுவ அணிவகுப்பு போன்ற தாளம், தெற்கத்தி பாணியில் பேஸ் என்ற அடித்தொனி. நோ லிமிட் என்றால் காதில் எது ஒலிக்கிறதோ அதைச் செய்தவர்கள் இவர்கள். மாஸ்டர் பி-யின் குரலை எடுத்துவிட்டாலும் நோ லிமிட் பாட்டை அடையாளம் காணலாம். இவர்களுடைய தாளத்தை எடுத்துவிட்டால் முடியாது. வெளியிலிருந்து விலை உயர்ந்த தயாரிப்பாளர்களைத் தேடாமல், வீட்டுக்குள்ளேயே இசை செய்ததால்தான் ஆல்பம் ஒன்றின் செலவு குறைந்தது, மாதம் இரண்டு ஆல்பம் சாத்தியமானது. 85 சதவீதப் பங்கு லாபமாக மாறியதே இவர்களால்தான்.

உள்ளே இருந்த விரிசல்

1999-இல் பீட்ஸ் பை தி பவுண்ட் வெளியேறியது. மெடிசின் மென் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பணமும் பங்கும் பற்றிய மனத்தாங்கலே காரணம் என்று அந்த அணியினர் பின்னாளில் பேசியிருக்கிறார்கள். மிஸ்டிகல் போன்ற பெரிய பெயர்களும் அடுத்த ஓரிரு ஆண்டில் விலகினார்கள். ஸ்னூப் 2000 டிசம்பரில் தன் கடைசி நோ லிமிட் ஆல்பத்தை முடித்துக்கொண்டு போனார். பிரயாரிட்டி உறவும் முடிந்து, 2001-இல் யுனிவர்சல் வழியாகப் 'புதிய நோ லிமிட்' வந்தது. பழைய விற்பனை திரும்பவில்லை. 2003 இறுதியில் திவால் மனு.

சரிவுக்குப் பல காரணங்களை அடுக்கலாம். ஒரே ஆண்டில் இருபதுக்கு மேல் ஆல்பங்கள் வந்தால் கேட்பவருக்குச் சலிக்கும். மில்லரின் கவனம் கூடைப்பந்து, விளையாட்டு வீரர்களுக்கான முகமை, துணி, பொம்மை என்று சிதறியது. 1998–99 பருவத்துக்கு முந்தைய பயிற்சிக் காலத்தில் அவர் ஷார்லட் ஹார்னெட்ஸ் என்ற கூடைப்பந்து அணியில் இடம்பிடிக்க முயன்றார். அதே நியூ ஆர்லியன்ஸிலிருந்து கேஷ் மணி ரெக்கார்ட்ஸ் புதிய ஒலியோடு எழுந்து வந்தது. எல்லாம் உண்மை. ஆனால் சலித்த ஒலியைப் புதுப்பிக்கக்கூடியவர்கள் ஸ்டுடியோவில் இருந்திருந்தால் மற்றவற்றைச் சமாளித்திருக்கலாம். அவர்கள் போன பிறகு வந்த ஆல்பங்களில் பெயர் இருந்தது, டாங்க் இருந்தது, அந்த ஒலி இல்லை.

மில்லர் பிரயாரிட்டியிடம் கேட்டு வாங்கியது என்ன? 'நான் செய்த பதிவு என் பெயரில் இருக்கட்டும், அது விற்கும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பங்கு வரட்டும்.' அதையே தாளம் செய்தவர்கள் அவரிடம் எதிர்பார்த்தபோது நோ லிமிட் அவர்களுக்கு ஒரு பெரிய கம்பெனியாகிவிட்டிருந்தது. மில்லர் தீய எண்ணம் கொண்டவர் என்று இதற்குப் பொருள் இல்லை. தன் குடும்பத்துக்கும் தன் குடியிருப்பின் இளைஞர்களுக்கும் அவர் திறந்துவிட்ட வழி சாதாரணமானதில்லை. ஆனால் உறவையும் விசுவாசத்தையும் நம்பி எழுதாமல் விட்ட விஷயங்கள், கோடிக்கணக்கில் பணம் வரும்போது அப்படியே நிற்காது. உரிமையின் மதிப்பை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் இல்லை என்பதால்தான் இந்த இடம் எனக்கு வருத்தம் தருகிறது.

இது ஒருவரின் குணக்கோளாறு இல்லை என்பதற்குக் கேஷ் மணியே சாட்சி. 1998-இல் யுனிவர்சலோடு மாஸ்டர் உரிமையைக் கைவிடாமல் ஒப்பந்தம் போட்ட நிறுவனம் அது. நோ லிமிட் காட்டிய வழிதான். சில ஆண்டுகளில் ஜுவனைல், பி.ஜி. போன்ற பாடகர்களும், பிறகு அதன் முழு ஒலியையும் வார்த்த மேனி ஃப்ரெஷும் கணக்கு சரியில்லை என்ற புகாரோடு வெளியேறினார்கள். லில் வெயின் என்ற ஒருவர் தங்கிவிட்டதால் அது பிழைத்தது. அவரும் பிற்பாடு வழக்குப் போட்டார்.

பங்கை எழுதி வைத்தாலும் அது எவ்வளவு காலம் பேசும் என்பதற்கு ரோக்-ஏ-ஃபெல்லா இன்னொரு பாடம். ராப் பாடகர் ஜே-ஸி, டேமன் டேஷ், கரீம் பர்க் மூவரும் தொடங்கிய லேபிள். கம்பெனிகள் கதவைத் திறக்காததால் காரில் வைத்து சிடி விற்றுத் தொடங்கியவர்கள். 1997-இல் பாதியை டெஃப் ஜாமுக்கும், 2004-இல் மீதியையும் அதே நிறுவனத்துக்கும் விற்றுவிட்டார்கள். ஆனால் ஜே-ஸியின் முதல் ஆல்பத்தின் உரிமை அந்த மூவரின் பழைய நிறுவனத்திலேயே தங்கியது. 2021-இல் அதை வைத்து டிஜிட்டல் ஏலம் நடத்த முயன்றதாக டேஷ் மீது வழக்கு வந்தது. 2024-இல் டேஷின் மூன்றில் ஒரு பங்கு அவருடைய கடன்களுக்காக ஏலத்துக்கு வந்து, நியூயார்க் மாநிலமே 10 லட்சம் டாலர் கேட்டு எடுத்தது. நண்பர்கள் மூவர் தொண்ணூறுகளில் சமமாகப் பிரித்துக்கொண்ட பங்கில் இன்று ஒரு மாநில அரசு உட்கார்ந்திருக்கிறது. பங்காளி பிரிந்தாலோ கடன்பட்டாலோ அவர் பங்கை முதலில் வாங்கும் உரிமை யாருக்கு, என்ன விலைக்கு என்பதை ஆரம்ப நாளிலேயே எழுதிவிட வேண்டும் என்று வழக்கறிஞர்கள் நச்சரிப்பது இதற்காகத்தான்.

இன்று தொடங்குபவருக்கு

நோ லிமிட் போராடிப் பெற்ற விநியோகம் இன்று ஒரு சிறிய ஆண்டுக் கட்டணத்தில் கிடைக்கிறது. டியூன்கோர், டிஸ்ட்ரோகிட் போன்ற சேவைகள் மாஸ்டர் உரிமையைக் கேட்காமலே உலகம் முழுக்கப் பாட்டைக் கொண்டுபோகின்றன. பிரச்சினை வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. அலமாரியில் இடம் எல்லோருக்கும் கிடைத்த பிறகு, அங்கே தேடி வருபவர்தான் அரிது. கடந்த 12 மாதத்தில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் பதிவு ராயல்டி தருவதில்லை.

இந்தச் சூழலில் ரிச்மண்ட் கடையின் இடத்தை எது நிரப்பும்? லாஸ் ஏஞ்சலஸின் ராப் பாடகர் நிப்சி ஹசில் ஒரு பதில் சொன்னார். பெரிய கம்பெனியை விட்டு வெளியே வந்து ஆல் மணி இன் என்ற லேபிளை நடத்திய அவர், 2013 அக்டோபரில் ஒரு மிக்ஸ்டேப்பை, அதாவது ஆல்பம் போன்ற ஒரு பாட்டுத் தொகுப்பை, இணையத்தில் இலவசமாக விட்டார். அதே நேரம் அதன் 1,000 சிடிகளை ஒவ்வொன்றும் 100 டாலர் என்று விலை வைத்தார். விற்றுத் தீர்ந்தது. 100 பிரதிகளை ஜே-ஸியே வாங்கினார். பாட்டை யார் வேண்டுமானாலும் சும்மா கேட்கலாம், தன்னை நம்பிக் காசு போடும் ஆயிரம் பேர் யார் என்பது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரிந்த பிறகு, அட்லான்டிக் கம்பெனியோடு வேலைக்காரராகச் சேராமல் பங்காளியாகச் சேர்ந்தார். 2018-இல் வந்த ஆல்பம் கிராமி பரிந்துரை பெற்றது. 2019 மார்ச் 31 அன்று தன் கடை வாசலிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கண் முன்னே வளர்ந்துகொண்டிருந்த ஒரு லேபிளின் மிச்சக் கதை அத்தோடு அறுந்துபோனது.

பணம் திரும்பும் வழிகளில் பலர் தவறவிடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இணைய வானொலியிலும் செயற்கைக்கோள் வானொலியிலும் ஒலிக்கும் பதிவுக்கு சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு பணம் வசூலித்து, 50 சதவீதத்தை மாஸ்டர் உரிமையாளருக்கும் 45 சதவீதத்தை முதன்மைப் பாடகருக்கும் 5 சதவீதத்தைப் பின்னணிக் கலைஞர்களுக்கும் பிரிக்கிறது. சொந்த லேபிள் வைத்திருக்கும் பாடகர் முதல் இரண்டு பங்குக்கும் உரியவர். ஆனால் பாடகராகவும் உரிமையாளராகவும் தனித்தனியாகப் பதிவு செய்தால்தான் இரண்டும் வரும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு இருந்துவிடுபவர்கள் உண்டு. பாட்டு எழுதியதற்கான உரிமை இதில் சேராது, அது வேறு அமைப்புகள் வழியாக வரும் வேறு பணம்.

சரி, நோ லிமிட் எழுதாமல் விட்டதை இன்று எப்படி எழுதலாம்? ஸ்டுடியோவை விட்டு வெளியேறும் முன்பே, பாட்டில் யார் வரி எழுதினார், யார் தாளம் செய்தார், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுவது முதல் வேலை. பாட்டு ஹிட் ஆவதற்கு முன்னால் ஐந்து நிமிடத்தில் முடிகிற பேச்சு இது. ஹிட்டான பிறகு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். வேறொருவரின் பழைய பதிவிலிருந்து துண்டு எடுத்திருந்தால் அதையும் அதே தாளில் குறிக்க வேண்டும். 1991-இல் ராப் பாடகர் பிஸ் மார்க்கி மீதான தீர்ப்புக்குப் பிறகு, அனுமதி வாங்காத சாம்பிள், அதாவது இப்படி எடுத்த துண்டு, ஆல்பத்தையே கடையிலிருந்து இறக்கிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது, லேபிளில் சேரும் பாடகரோடு போடும் ஒப்பந்தம். மாஸ்டரை நிரந்தரமாக எழுதி வாங்காமல், ஏழு அல்லது பத்து ஆண்டுக்கு லைசென்ஸ் எடுத்துக்கொள்ளலாம். செலவு கழிந்த லாபத்தில் பாதிப் பாதி. காலம் முடிந்ததும் பதிவு பாடியவருக்கே திரும்பும். தயாரிப்பாளருக்குக் கையில் ஒரு தொகையோடு, முதல் பிரதியிலிருந்தே ஒரு சதவீதம். எந்தச் செலவை லாபத்துக்கு முன் கழிக்கலாம் என்பதற்குப் பட்டியலும் உச்சவரம்பும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு, அதைச் சரிபார்க்கும் உரிமை.

இதற்கு வரும் எதிர்ப்பு எனக்குத் தெரியும்: இத்தனையையும் விட்டுக்கொடுத்தால் லேபிளுக்கு என்ன மிஞ்சும்? பழைய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். அந்த 12 லட்சத்தில் தயாரிப்பாளர்களின் பங்காக ஒரு லட்சத்தைக் கழித்தால் 11 லட்சம். பாதியைப் பாடகருக்குக் கொடுத்தால் லேபிளுக்கு 5,50,000 டாலர், ஒரு ஆல்பத்துக்கு. மொத்தத்தையும் தானே வைத்துக்கொள்ளும் லேபிளைவிட இது குறைவுதான். ஆனால் தாளம் செய்தவர் மூன்றாம் ஆண்டிலும் அதே ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஆறாவது ஆல்பத்துக்கு வேலை செய்துகொண்டிருப்பார். நோ லிமிட்டின் கணக்கில் 1999-க்குப் பிறகு இல்லாமல் போனது அந்த ஆறாவது ஆல்பம்தான்.